பத்தாவது ஆளுக்கு வெற்றிலை பாக்கு

ஒரு நல்ல காரியத்தைக் கெடுக்க வேண்டுமா? சந்தவாசல் கேரண்டியிடம் ஒப்படைத்தால் போதும். கண்ணமங்கலத்திலிருந்து ஜவ்வாது மலை உச்சி வரைக்கும் அவர் பந்தல் போட்ட எந்த விழாவும் பத்திரிகையில் அச்சடித்தபடி நடந்ததில்லை. இதை வம்புக்காகச் சொல்லவில்லை. இந்த நம்பிக்கையில்தான் என் பேரனின் விழாவையே அவரிடம் கொடுத்தேன். எனக்கு எழுபத்து நான்கு வயதாகிறது. இனிப் பொய் சொல்லி எதைச் சேர்க்கப்போகிறேன்? கெட வேண்டும் என்றுதான் கொடுத்தேன்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. சாமியானா, நாற்காலி, மைக் செட், ஜெனரேட்டர், மாப்பிள்ளை சோபா எல்லாம் வாடகைக்கு விடுபவர். எதைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் "கேரண்டி" என்பார். ஒரு கல்யாணத்தில் காற்றடித்துப் பந்தல் துணி அப்படியே எழும்பி, ரோட்டில் போன பேருந்தின் தலையில் உட்கார்ந்தது. பேருந்து நிற்கவில்லை. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் வெயிலில் நின்று ஒற்றுமையாகக் கத்தினார்கள். கேரண்டி கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "போளூர் வண்டிதான் சார் அது. ரிட்டர்ன்ல வந்துரும்" என்றார். வந்தது. தாலி கட்டி முடிந்த பிறகு வந்தது.

இன்னொரு முறை, ஒரு காதுகுத்துக்கு வந்த அவருடைய மைக் செட் முந்தின நாள் சாவு வீட்டிலிருந்து நேராக வந்திருந்தது. அரை மணி நேரம் ஒப்பாரி பாடியது. ஆசாரி வருவதற்கு முன்பே குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது.

ஆனால் அவரிடம் ஒரு கர்வம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. அவர் எதையும் மறந்ததில்லை. நோட்டுப் புத்தகமே கிடையாது. ஏழு வருடத்துக்கு முன் உங்கள் வீட்டுக்கு எத்தனை நாற்காலி வந்தது, அதில் எதற்குக் கால் ஆடியது என்று கேட்டால் சொல்வார். "எழுதி வெக்கிறவன் மறக்கிறவன் சார். நானே நோட்டு" என்பார். பந்தல் பறக்கும், மைக் ஒப்பாரி வைக்கும். ஆனால் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், சொன்ன எண்ணிக்கையில் பொருள் வந்து இறங்கும். அவர் பிழைப்பே அந்த ஞாபகத்தின் மேல்தான் நின்றது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் விஷயம். லண்டனுக்கு வேலைக்குப் போன என் மகன் அருள் அங்கே ரூத் என்ற யூதப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். நான் போகவில்லை. பேரன் யோனா பிறந்தான். அதற்கும் போகவில்லை. இரண்டு முறை டிக்கெட் அனுப்பினான். ஒருமுறை ரத்த அழுத்தம் என்றேன், ஒருமுறை முழங்கால் என்றேன். ஜமுனாமரத்தூர் பக்கத்து மலைப் பள்ளியில் பதினெட்டு வருடம் தலைமையாசிரியராக இருந்து, 'சாதி மதம் பாராட்டாமை' என்று பிள்ளைகளுக்குக் கட்டுரைத் தலைப்புக் கொடுத்து மதிப்பெண் போட்டவன் நான். எனக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை என்பதால் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

யூதர்களில் பையனுக்குப் பதின்மூன்று வயது நிறைந்ததும் சபை நடுவில் நிறுத்தி வேதச் சுருளைப் படிக்க வைப்பார்கள். பார் மிட்ஸ்வா என்று பெயர். அன்றிலிருந்து அவன் பெரியவன். அவன் செய்கிற நல்லதுக்கும் கெட்டதுக்கும் அவனே பொறுப்பு. லண்டனில் மண்டபமெல்லாம் பார்த்து வைத்திருந்த நேரத்தில் யோனா எனக்குப் போன் செய்தான். அப்பா சொல்லிக்கொடுத்த தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.

"தாத்தா, நீங்க வர மாட்டீங்க. அதனால நாங்க அங்க வர்றோம்."

இங்கே வசதி இல்லை என்று அருளிடம் சொன்னேன்.

"வசதி இன்னாப்பா வசதி? உங்க வூட்டு முன்னாடி இடம் கெடக்குது. பந்தலுக்கு ஒரு ஆளு மட்டும் சொல்லுங்க."

"இருக்காருப்பா" என்றேன். "ரொம்ப நல்ல ஆளு."

கேரண்டி அளவெடுக்க மலையேறி வந்தார். ஐம்பது வயது, சட்டைப் பையில் அளவு டேப், காதில் பென்சில். எழுதாத மனிதருக்குப் பென்சில் எதற்கு என்று நான் கேட்டதில்லை.

"யாருக்கு சார் ஃபங்ஷன்?"

"பேரனுக்கு. பதிமூணு வயசாவுது. இனிமே பெரியவன்னு அர்த்தம்."

டேப் கையில் நின்றது. "பையனுக்கா? வயசுக்கு வந்ததுக்கா? பையனுக்கெல்லாம் யாரு சார் செய்றது? எனக்கு மீசை வந்தப்போ எங்கப்பா கவனிக்கவே இல்ல."

பிறகு ரூத் அனுப்பியிருந்த பட்டியலை வாசித்தேன். ஒவ்வொரு வரியும் கேரண்டியின் நெஞ்சில் இறங்குவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

"பிரியாணி கிடையாது. சைவம். பாத்திரம் எல்லாம் புதுசு."

"சரி சார்."

"வெள்ளிக்கிழமை சூரியன் விழுந்ததிலிருந்து சனிக்கிழமை வானத்துல மூணு நட்சத்திரம் தெரியுற வரைக்கும் ஓய்வு நாள். விழா சனிக்கிழமை காலையில. மைக் கிடையாது. சீரியல் லைட் கிடையாது. ஜெனரேட்டர் கிடையாது. போட்டோ கிடையாது. வண்டி வரக்கூடாது, போகக்கூடாது."

கேரண்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சார், இது ஃபங்ஷனா, கடையடைப்பா?"

"முடியாதுன்னா சொல்லிடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றேன் ஆசையாக.

அந்த 'முடியாது' என்ற சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர் எழுந்து வாசலை ஒரு சுற்று நடந்தார். நடுவில் நின்று 'ஹோய்' என்று கத்தினார். எதிர்ப் பாறையிலிருந்து 'ஹோய்' திரும்பி வந்தது.

"மைக் இன்னாத்துக்கு சார்? மலையே மைக்கு. பந்தல நீட்டாம, வட்டமா போடுறேன். தம்பி மூச்சு வுட்டாக்கூட கடைசி சேருக்குக் கேக்கும். கேரண்டி."

என் முதல் திட்டம் அங்கேயே ஆட்டம் கண்டது. இரண்டாவதாக, ஒடுகத்தூரில் இருக்கும் என் சித்தப்பா மகனைத் தூண்டிவிட்டேன். அவன் கேரண்டிக்குப் போன் போட்டு, வேற மதத்துச் சடங்குக்குப் பந்தல் போட்டால் நம் ஆட்கள் யாரும் இனிக் கூப்பிட மாட்டார்கள் என்று மிரட்டினான். கேரண்டி என் எதிரிலேயே பேசினார்.

"அண்ணே, உங்க மாமனார் சாவுக்கு நட்டேனே, அதே கம்புதான் இங்கயும் நடப்போறேன். கம்பு ஒண்ணும் மதம் மாறிடாது. அப்புறம் அண்ணே, அன்னிக்கு வந்த நாப்பது சேர்ல ஒண்ணு இன்னும் உங்க வூட்ல கீது. நீலக் கலரு. அதுல உக்காந்துக்கினுதானே பேசுறீங்க?"

மறுமுனை அடங்கிவிட்டது. நீலம்தான் என்று பிறகு தெரிந்தது.

மூன்றாவது சம்பவத்தில் நான் செய்தது ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கேரண்டி வரவேற்பு பேனரைக் காட்டினார். இளஞ்சிவப்புப் பின்னணி, இரண்டு மயில், தாமரை, நடுவில் கண்ணாடி போட்ட யோனாவின் முகம், மேலே தங்க எழுத்தில் 'மஞ்சள் நீராட்டு விழா'.

"வயசுக்கு வர்றதுக்கு அந்தக் கடையில இந்த ஒரு டிசைன்தான் சார் கீது. பேரு மட்டும் மாத்துவாங்க."

"ரொம்ப நல்லா இருக்கு" என்றேன்.

நான்காவதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ரூத் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். வேதச் சுருளைச் சபையில் திறந்து படிக்கப் பதின்மூன்று வயது நிரம்பிய யூதர்கள் பத்துப் பேர் இருக்க வேண்டும். அவர்கள் வழக்கத்தில் பெண்களும் கணக்கில் உண்டு. யோனாவையும் சேர்த்துப் பத்துப் பேர் கிளம்புவதாக இருந்தது. ரூத்தின் பெரியப்பா ஒருவர் படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஒன்பது பேர்தான் வருகிறோம். ஒரு ஆள் குறைந்தால் யோனா படிக்க முடியாது. ஒரு வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறான். அங்கே யாராவது ஒருவர் கிடைப்பாரா என்று பந்தல்காரரிடம் தயவுசெய்து கேட்டுப் பாருங்கள், அவர் எதையும் செய்வார் என்று அருள் சொல்கிறார். இதுதான் கடிதம்.

நான் 'கேட்கிறேன்' என்று பதில் போட்டேன். கேட்கவில்லை. கேரண்டி தினமும் என் வாசலில் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். பத்தடி தூரம். நான் காப்பி கொடுத்தேன், பனி அதிகம் என்று பேசினேன், அதை மட்டும் சொல்லவில்லை. பத்துப் பேர் இல்லையென்றால் படிப்பு நடக்காது. நான் தடுத்ததாகவும் ஆகாது. வந்தவர்கள் மலை பார்த்துவிட்டுப் போவார்கள்.

வியாழக்கிழமை வந்தார்கள். யோனா வேனிலிருந்து இறங்கியதும் பேனரைப் பார்த்தான். அருள் அதை வாசித்துவிட்டு மண்ணில் உட்கார்ந்து சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்துப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. அர்த்தம் தெரிந்ததும் பையன் வெட்கப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் மயிலைத் தொட்டுப் பார்த்து, கழற்றக் கூடாது என்றான். லண்டன் நண்பர்கள் யாருக்கும் இப்படி ஒன்று கிடையாதாம்.

ரூத்தின் தம்பி டேவிட் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த ஒரு நீளப் பெட்டியோடு இறங்கினார். கேரண்டி வழிமறித்தார்.

"தாய்மாமனா? சீர் எங்க?"

அருள் மொழிபெயர்த்தான். பெட்டிக்குள் இருப்பது வேதச் சுருள், கையால் எழுதியது, தரையில் வைக்கக் கூடாது என்றார் டேவிட். கேரண்டி செருப்பைக் கழற்றினார். ஓடிப்போய்த் தன் குட்டியானை வண்டியிலிருந்து மாப்பிள்ளை சோபாவை இறக்கினார். சிவப்பு வெல்வெட்டு, சிங்கக் கைப்பிடி.

"இவருதான் மாப்ள. இவரு இதுல உக்காரட்டும். மாமா, நீங்க சேர்ல உக்காருங்க."

டேவிட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் உள்ளே போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, எல்லோரும் வாசலில் இருக்கும்போது, ரூத் ஆட்களை எண்ணிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: பத்தாவது ஆள் எப்போது வருகிறார்?

அருள் கேரண்டியிடம் திரும்பினான். "அண்ணே, அந்தப் பத்தாவது ஆளு இன்னா ஆச்சு? அப்பாவுக்கு அப்பவே மெயில் போட்டு, உங்களாண்ட சொல்லச் சொன்னோமே?"

கேரண்டி கையில் கயிறு இருந்தது. என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். யோனா எங்கள் இருவரையும் பார்த்தான். ஒரு முடிச்சுப் போடும் நேரம்தான் இருக்கும்.

"சார் சொன்னாரு" என்றார் கேரண்டி. "நாந்தான் மறந்துட்டேன்."

பந்தல் வேலையாட்கள் இருவரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அவர்கள் கேட்டதில்லை.

ரூத்துக்கு முகம் சிவந்தது. "ஒன்பது நாள்" என்றாள் ஆங்கிலத்தில். "ஒன்பது நாளாக ஒரே ஒரு விஷயம்." அருளும் கத்தினான். கேரண்டி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து மேற்கே பார்த்தார்.

"சூரியன் எத்தினி மணிக்கு எறங்கும்?"

"ஆறு."

"பத்து பேரு வேணும்னா பத்து பேரு உண்டு. திருவண்ணாமலையில கிரிவலப் பாதை பூரா வெளிநாட்டுக்காரங்கதான். அதுல ஒரு யூதரு இல்லாமயா போய்டுவாரு? சார், ஏறுங்க வண்டியில. இங்கிலீசு வேணும்."

போளூர் வழியாகப் போகும்போது முழுக்க அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு எவர்சில்வர் தட்டு, வெற்றிலை, பாக்கு, பழம், கற்கண்டு வாங்கி வந்தார்.

கிரிவலப் பாதையில் இறங்கியதும் அவர் ஒரு அட்டையில் கரியால் எழுத ஆரம்பித்தார். யூதர் தேவை என்று. நான் பிடுங்கினேன். "வேணாம்யா. இவங்களை இப்படிப் பேர் சொல்லித் தேடின காலம் ஒண்ணு இருந்துது. அது கொல்றதுக்கு."

அவர் அட்டையைக் கிழித்தார். "அப்போ நாம சாப்பாட்டுக்குத் தேடுறோம்னு அவங்களுக்குத் தெரியணும் சார்" என்றபடி தட்டை என் கையில் வைத்தார். "நீங்க கூப்புடுங்க. வெத்தல பாக்கு வெச்சாத்தான் அழைப்பு. மெயில்லாம் கணக்கு இல்ல."

மூன்று மாவட்டத்தில் மாணவர்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் முன்னாள் தலைமையாசிரியர், கையில் தாம்பூலத் தட்டோடு, வெயிலில், வருகிற வெள்ளைக்காரரையெல்லாம் மறித்தேன். ஒருவர் பழத்தை எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிப் போனார். ஒருவர் தட்டில் பத்து ரூபாய் போட்டார். ஒரு ஜெர்மன்காரர் என் எதிரிலேயே தியானத்தில் உட்கார்ந்துவிட்டார். மணி இரண்டரை ஆயிற்று.

கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள், நரைத்த தலை, கைத்தறிப் புடவை, என்னை வெகுநேரமாகக் கவனித்திருக்க வேண்டும். நேராக வந்தார்.

"இன்னா வேணும் உங்களுக்கு? ஏன் எல்லாரையும் புடிச்சு இழுக்கிறீங்க?"

தமிழ். அதுவும் எங்கள் தமிழ். சொன்னேன். அவர் முகம் இறுகியது.

"நான் யூதப் பொண்ணுதான். அதெல்லாம் வுட்டு இங்க வந்து நாப்பது வருஷம் ஆச்சு. வேற ஆளப் பாருங்க."

"வுட்டா இன்னாம்மா" என்றார் கேரண்டி. "எண்ணிக்கைக்குத்தானே? நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா வந்து பத்தாவதா உக்காருங்க. நல்ல சேரா போடுறேன், கால் ஆடாது."

அம்மாள் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தப் பையன் உங்களுக்கு யாரு?"

பதின்மூன்று வருடமாக ஊரில் யாராவது கேட்டால் 'அருள் பையன்' என்றுதான் சொல்லிவந்தேன்.

"என் பேரன்" என்றேன். தட்டை நீட்டினேன். "அவன் படிக்கணும். நீங்க வரணும்."

அவர் கீரைக்கட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

குட்டியானையில் முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். அம்மாள் முன்னால் ஏறினார். நான் பின்னால், கட்டாத பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில், இருபது நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவருக்குப் போனேன். முன்னால் கேரண்டி அந்த அம்மாளிடம் பந்தல் பேருந்தில் போன கதையைச் சொல்வதும் அவர் சிரிப்பதும் கேட்டது. நடுவில் கேரண்டி தலையை நீட்டிக் கத்தினார்: "சார், இருக்கீங்களா?"

"இருக்கேன்யா."

"இருங்க!"

நாங்கள் வாசலில் நின்றபோது மலைமுகட்டுக்கு மேல் ஒரு முழம் சூரியன் பாக்கி இருந்தது. கேரண்டி வண்டியை அணைத்து, சாவியைக் கழற்றி, என் கையில் போட்டார். "சாமி நாள் முடியிற வரைக்கும் இத நீங்க வெச்சிக்கோங்க. என்ன நம்பாதீங்க."

மறுநாள் காலை, வட்டப் பந்தலில், மயில்களுக்குக் கீழே யோனா படித்தான். மலைக்காரர்கள் சுற்றிலும் நின்றார்கள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் ஒருவரும் பேசவில்லை. கேரண்டி ஜெனரேட்டர் மேலேயே உட்கார்ந்து காவல் காத்தார், யாரும் தெரியாமல் போட்டுவிடக் கூடாதென்று. பையனின் குரல் கடைசி நாற்காலி வரை வந்தது. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். பத்தாவதாக வந்த அம்மாள் ஒன்றும் செய்ய மாட்டேன் என்றவர், பாதியில் எழுந்து நின்று கூடவே முணுமுணுத்தார்.

படித்து முடித்ததும் பையன் மேல் மிட்டாய் எறிவது அவர்கள் வழக்கம். ரூத்தின் பட்டியலில் 'மிருதுவான' என்று இருந்தது. அதையும் நான் சொல்லாமல் விட்டிருந்தேன். கேரண்டி கல் மாதிரி கமர்கட் ஐந்து கிலோ வாங்கி எல்லார் கையிலும் கொடுத்திருந்தார். முதல் கைப்பிடியிலேயே பையனின் கண்ணாடி பறந்தது. கேரண்டி பாய்ந்து அவன் மேல் கவிழ்ந்துகொண்டார். மீதி அத்தனையும் அவர் முதுகில் விழுந்தது. "போடுங்க, போடுங்க, கேரண்டி!" என்று கீழேயிருந்து கத்தினார். அடியில் யோனா சிரிக்கிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் மூன்றாவது நட்சத்திரம் வந்ததும் ஆயிரம் சீரியல் பல்புகளை ஒரே நொடியில் போட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "கேரண்டி, அந்த மெயிலு…"

"எந்த மெயிலு சார்?" என்றார். வயரைச் சுற்றிக்கொண்டே போய்விட்டார்.

அது தை மாதம். இப்போது ஆடி. பந்தல் வேலையாட்கள் வாய் சும்மா இருக்குமா? 'கேரண்டிக்கு ஞாபகம் போய்விட்டது, லண்டன்காரர்கள் காரியத்தையே மறந்தவர்' என்று சந்தவாசலில் பேசிக்கொள்கிறார்கள். கண்ணமங்கலத்தில் இரண்டு கல்யாணம் வேறு ஆளிடம் போய்விட்டது. போன வாரம் கடையில் பார்த்தேன். சட்டைப் பையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. கேட்கிறவர்களுக்காக வைத்திருக்கிறாராம். உள்ளே எல்லாப் பக்கமும் வெள்ளை.

எனவே ஊரார் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் மறக்கவில்லை. நான் சொல்லவில்லை. பொறுப்பு பதின்மூன்று வயதில் வருவதாம். எனக்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

இதை அச்சடித்த இதழ் கைக்கு வந்ததும், எவர்சில்வர் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து அவர் கடைக்கு நானே எடுத்துப் போகப்போகிறேன். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், படித்து முடிக்கிற வரைக்கும் கால் ஆடுகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.